கர்ட்டன் அக்காவின் கிறிஸ்துமஸ் பலகை

அந்தக் குடியிருப்பில் அவளுக்குக் கர்ட்டன் அக்கா என்று பெயர். பெயர் வைத்தவள் கீழ்வீட்டுக் கேன்டீன்காரி. குடிவந்த புதிதில், மாடிப்படியில் மூட்டை முடிச்சோடு நின்றவளை அவள்தான் முதலில் விசாரித்தாள். "என்ன வேலை பார்க்கிற?" என்று கேட்டதற்கு, "கர்ட்டன் தைக்கிறேன். பெரிய பெரிய ஹோட்டலுக்கு" என்று இவள் சொல்லிவைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவள் ஒரு ஜன்னலுக்கும் திரை தைத்ததில்லை. அவள் தைத்துக்கொண்டிருந்தது சவப்பெட்டிக்கு உள்துணி.

முதலில் மெத்தைக் கடையில்தான் வேலை. அந்தக் கடையை இழுத்து மூடியபோது, சவப்பெட்டிப் பட்டறையில் பஞ்சு வைத்துத் தைக்கத் தெரிந்த ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தாள். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பெட்டிக்குள் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் வெள்ளைச் சாட்டின் துணியைச் சின்னச் சின்ன மடிப்பாக இழுத்துத் தைத்து, ஓரத்துக்கு லேஸ் வைத்து, மடிப்பு கூடும் இடங்களில் தங்கநிறக் கொண்டை ஆணி அடிக்க வேண்டும். மெத்தையில் படுப்பவர் குறை சொல்வார். இங்கே அந்தத் தொல்லை இல்லை என்று பட்டறையில் சிரித்துக்கொள்வார்கள். ஆனாலும் அவள் ஒரு மடிப்புகூடக் கோணலாக விட்டதில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் பெற்றவர்களும் பிள்ளைகளும் கடைசியாகக் குனிந்து பார்ப்பது அந்தத் துணியைத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

தெருவில் இருந்தவர்களுக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, இவளிடம்தான் தன் ரவிக்கைகளைத் தைக்கக் கொடுப்பாள். கை அவ்வளவு சுத்தம் என்று ஊரெல்லாம் சொல்லுவாள். எங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்த மறுநாள், தைத்து வாங்கிப்போன ரவிக்கைகள் ஒரு பையில் இவள் வாசலுக்குத் திரும்பி வந்தன. "தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு பாருங்க" என்றாள். நம்பிக்கை இல்லாதவர்கள்தான் இப்படி ஆனால் போட்டுப் பேசுவார்கள். வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். கூடப்பிறந்த தங்கையே மகள் கல்யாணத்தில், "நீ உள்ரூம்லயே இருந்துக்கோக்கா, கூட்டத்துல உனக்கு ஒத்துக்காது" என்று உட்கார வைத்தாள். சாவைத் தள்ளிவைக்க இந்த மனிதர்களால் முடியவில்லை. அதனால் அதற்கு வேலை செய்கிறவளைத் தள்ளிவைத்தார்கள். அது சுலபம், ஆபத்தும் இல்லை. பெட்டி தேவைப்படும் நாளில் மட்டும் பட்டறை வாசலில் வந்து, நல்ல துணியாப் போடுங்க என்று கெஞ்சுவார்கள்.

வீடு போன அன்று அவளுடைய தட்டுமுட்டுச் சாமானைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனவன் பட்டறைத் தச்சன். பட்டறையில் அவன் பெயர் ஆணி. எப்போதும் உதட்டுக்கு நடுவில் நாலைந்து ஆணியைக் கவ்விக்கொண்டு வேலை செய்வான். அதனால் பகலெல்லாம் ஊமை. பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டால் அடக்கிவைத்த பேச்செல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டும். அவன் வீட்டில் இருந்தது ஒரே அறை. அவனும் மனைவியும் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டு, புது இடம் கிடைக்கும்வரை இவளை அந்த அறையில் படுக்க வைத்தார்கள்.

அப்படிக் கிடைத்த புது இடம்தான் இந்தக் குடியிருப்பு. இங்கேதான் அவள் கர்ட்டன் அக்கா ஆனாள். கேன்டீன்காரி அவளுக்குச் சமவயது. ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவள். குரல் மூன்று மாடிக்குக் கேட்கும். "ஏய் கர்ட்டன், டீ போட்டிருக்கேன், வர்றியா, இல்ல உனக்குப் பல்லக்கு அனுப்பணுமா?" என்பாள். பட்டறை ஆட்களை விட்டால், பல வருடங்களுக்குப் பிறகு இவளுக்காகத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். அந்தக் கதவு சாத்திக்கொண்டுவிடுமோ என்ற பயம் தினமும் டீயோடு சேர்ந்து தொண்டையில் இறங்கும்.

அந்த டிசம்பரில் கேன்டீன்காரியின் மகள் கைக்குழந்தையோடு முதல்முறையாக வருவதாக இருந்தது. வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பலகை மாட்ட வேண்டும் என்று கேன்டீன்காரிக்கு ஆசை. கடைப் பலகையின் விலையைக் கேட்டுவிட்டு, "பலகை வேணுமா, அரிசி வேணுமான்னு கேக்குறான்" என்று திரும்பி வந்தாள். தானே செய்யப்போவதாகச் சொல்லி, பழக்கடையிலிருந்து அட்டைப்பெட்டி, சிவப்புச் சார்ட் தாள், ஐஸ் குச்சி, மினுமினுப்புப் பசை எல்லாவற்றையும் கூடத்தில் கடை பரப்பினாள். ஞாயிறு மதியம் இவள் கீழே போனபோது, அட்டை பசையில் ஊறி முதுகு வளைந்து கிடந்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கேன்டீன்காரியின் முழங்கையெல்லாம் மினுமினுப்பு.

"இது என்ன, வாழ்த்தா மிரட்டலா?" என்றாள் கர்ட்டன் அக்கா.

"சிரிடி, சிரி. குச்சியில நட்சத்திரம் பண்ணேன், நண்டு மாதிரி வந்திருக்கு. பேரப்பிள்ளை பார்த்தா அழப்போகுது."

"கொடு இப்படி. நான் பார்க்கிறேன்."

பட்டறையில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் வீட்டில் ஒரு பை நிறைய இருந்தது. அட்டையை எழுத்தெழுத்தாக வெட்டினாள். ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் பஞ்சு வைத்து, வெள்ளைச் சாட்டினை மடிப்பு மடிப்பாக இழுத்துத் தைத்தாள். சிவப்புச் சார்ட்டை ஒட்டுப்பலகைத் துண்டில் வழவழப்பாக ஒட்டி, அதன்மேல் எழுத்துகளைப் பொருத்தினாள். ஐஸ் குச்சி நண்டைப் பிரித்து மறுபடி நட்சத்திரமாகக் கட்டி, லேஸ் சுற்றினாள். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்கும் இடங்களில் தங்கநிறக் கொண்டை ஆணியை அழுத்தினாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டறைத் துணியில் அவள் தைத்தவற்றில், மண்ணுக்குள் போகாமல் வெளிச்சத்தில் இருக்கப்போகிற முதல் தையல் அது.

கேன்டீன்காரி வாயைப் பிளந்தாள். துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "கன்னம் மாதிரி இருக்கேடி! எங்க பிடிச்ச இந்தத் துணியை?"

சொல்லியிருக்கலாம். கூடத்தில் வேறு யாருமே இல்லை. கேட்டவளின் முகத்தில் சந்தோஷம் தவிர ஒன்றும் இல்லை. "ஹோட்டல் கர்ட்டன்ல மீந்தது" என்றாள் இவள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு மகள் வந்து இறங்கினாள். காலையில் வாசலில் வெயிலுக்காகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேன்டீன்காரியும் கர்ட்டன் அக்காவும் பலகையின் கீழே நின்று, குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஆணி வாசற்படி ஏறி வந்தான். திடீரென்று ஒரு பெரிய ஆர்டர். இவள் போனை எடுக்கவில்லை என்று முதலாளி அவனை அனுப்பியிருந்தார். பட்டறைக்கு வெளியே வந்த ஆணி. வாயில் ஆணி இல்லாத ஆணி.

"அக்கா, இங்கயா இருக்கீங்க, தெரு பூரா தேடிட்டேன், போனை என்ன கிணத்துலயா போட்டீங்க..." என்று ஆரம்பித்தவன் பலகையைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் மலர்ந்தது. "அட, நம்ம பட்டறை மடிப்பு! இந்தக் கொண்டை ஆணியும் நம்மளுது. பெட்டிக்குள்ள போட்டுப் போட்டு இவ்வளவு அழகுன்னு நானே கவனிச்சதில்லக்கா!"

"எந்தப் பெட்டி?" என்றாள் கேன்டீன்காரி.

மகளின் கை சட்டென்று குழந்தையின் தலைக்குப் போனதைக் கர்ட்டன் அக்கா பார்த்தாள். வெயில் கண்ணில் அடித்ததால் மறைத்தேன் என்று அந்தப் பெண் பின்னால் சொன்னாள். அந்த நிமிடத்தில் இவளுக்குத் தெரிந்தது திரும்பி வந்த ரவிக்கைப் பையும், கல்யாண வீட்டு உள்ரூமும்தான்.

"யாருப்பா நீ?" என்றாள். "வேற யாரையோ தேடி வந்திருக்க. உன்னை எனக்குத் தெரியாது."

ஆணி அவளைப் பார்த்தான். பிறகு பலகையை. பிறகு குழந்தையை. அவனுக்குப் புரிந்துவிட்டது. மறைக்க வேண்டிய வேலை என்று அவன் தன் வேலையை ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் மறைக்கிறவர்களை அவனுக்குத் தெரியும்.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றான். "வேற வீடு போல. பார்க்க ஒரே மாதிரி இருந்தீங்க."

நிதானமாகப் படியிறங்கிப் போனான்.

கேன்டீன்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பலகையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மடிப்பைச் சாவு வீடுகளில் அவளும் பார்த்திருந்தாள். எப்போதும் மூன்று மாடிக்குக் கேட்கும் குரல் அன்று வாசலைத் தாண்டவில்லை.

"சவப்பெட்டியா?"

இவள் தலையசைத்தாள்.

"துணி புதுசுதானே?"

"புதுசுதான். வெட்டி மீந்தது."

"அப்புறம் என்ன? செத்தவங்களுக்குத் தச்சா கை வெந்தா போயிடும்? நான் கோழியை உரிக்கிறேன், அதுக்காக என்னை யாரும் கொலைகாரின்னு சொல்றாங்களா?" கொஞ்சம் நிறுத்தினாள். "நீ என்னைப் பத்தி இப்படித்தான் நினைச்சிருக்க, இல்ல? ஊர்ல இருக்கிற மடச்சிங்க வரிசையில என்னையும் நிக்க வச்சிட்ட. சரி, அதை நாம அப்புறம் பேசலாம். அந்த ஆளு முகத்தைப் பார்த்தியா? ஓடு. ஓடிப்போய்க் கூப்பிடு. டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

ஓடியிருந்தால் தெருமுனைக்குள் பிடித்திருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றாள். கேன்டீன்காரி பொறுக்கமாட்டாமல் அவளை விலக்கிவிட்டு வாசற்படி இறங்கியபோது தெருவில் சைக்கிள்களும் காய்கறி வண்டியும்தான் இருந்தன.

மறுநாள் பட்டறையில் அவன் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தான். உதட்டில் ஆணிகள். அவள் பக்கத்தில் போய் நின்றாள். "தம்பி, நேத்து நான்..." என்றாள். அவன் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"விடுங்கக்கா. பழகிப்போச்சு."

அவள் நகரவில்லை.

"வெளியாளுங்க சொல்லிப் பழகிப்போச்சு" என்றான். ஆணிகளைத் திரும்ப உதட்டில் கவ்விக்கொண்டான்.

கோபம் என்று எதையும் அவன் காட்டவில்லை. கேட்டால் நூல் எடுத்துக் கொடுத்தான், பெட்டி தூக்க உதவினான். வெயில்காலம் தொடங்குவதற்குள் ஊரின் மறுகோடியில் கதவு ஜன்னல் செய்யும் பட்டறைக்குப் போய்விட்டான். சம்பளம் கூடுதல் என்று காரணம் சொன்னான். இருக்கலாம். அவன் மனைவியை ஒருமுறை பஸ்ஸில் பார்த்து, இவள் எழுந்து இடம் கொடுத்தாள். "வேணாம், அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவேன்" என்றாள் அந்தப் பெண். அடுத்த ஸ்டாப்பில் இறங்கவில்லை.

அவனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவளையும் பாதிதான் சொல்ல முடியும். ஒரு பெண்ணைத் தன் கைவேலைக்கே வெட்கப்பட வைத்து, தனக்குப் படுக்க இடம் கொடுத்தவனையே தெரியாது என்று சொல்ல வைத்தவர்கள் எல்லோரும் அந்த டிசம்பரில் நிம்மதியாகப் பண்டிகை கொண்டாடினார்கள். அவர்களில் யாருக்கும் இந்தக் கதையில் பங்கு இருப்பதாகத் தெரியாது. ஆனால் அவள் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வதில்லை. "அவங்க சொல்லிக் கொடுத்தாங்க, சரி. சொன்னது என் வாய்தானே" என்பாள் கேன்டீன்காரியிடம்.

இப்போது அவள் மறைப்பதில்லை. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், யார் கேட்டாலும், "சவப்பெட்டிக்கு உள்துணி தைக்கிறேன்" என்கிறாள். சிலர் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். சிலர் மடிப்பு எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள்.

ஆணி இருந்த இடத்துக்குப் புதுத் தச்சன் ஒருவன் வந்தான். வந்த அன்றே அவனிடம் தன் முகவரியைச் சொல்லி, "எப்ப வேணும்னாலும் வா. வாசல்ல நின்னு எந்தப் பட்டறையிலிருந்து வந்திருக்கேன்னு சத்தமாச் சொல்லு" என்றாள்.

"எதுக்குக்கா சத்தமா? உங்களுக்குக் காது கேக்காதா?" என்று அவன் சிரித்தான்.

அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டிய ஆள் அவன் இல்லை. அவள் சாட்டினை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த மடிப்பை எடுக்க ஆரம்பித்தாள்.