வளையத்துக்குக் கீழே நின்றவன்

என் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். மஹய்யாவையில் எங்கள் வீட்டு வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் நான் வெளியே வந்த நாட்கள் குறைவு. அந்த உயரத்துக்காகத்தான் கண்டியில் ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. பகலில் களஞ்சியத்தில் எழுதுவினைஞர், மாலையில் அவர்களுடைய கூடைப்பந்து அணியில் பெரிய ஆள். ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம். அணியில் இடமில்லையென்றால் களஞ்சியத்தில் கதிரையும் இல்லை. அதை யாரும் மூடி மறைத்துச் சொன்னதில்லை.

என்னுடையது பழைய ஆட்டம். வளையத்துக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பந்து வரும். பின்னால் நிற்பவனை இடுப்பால் இரண்டு தள்ளு தள்ளி, திரும்பிப் போடுவேன். பதினான்கு வருடம் இதையேதான் செய்தேன், ஒரு நாளும் சலிக்கவில்லை.

போன வருடம் புதிய பயிற்றுவிப்பாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர். மடிக்கணினியில் வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டங்களைப் போட்டுக் காட்டினார். ஐந்து பேரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். நடுவில் யாருமே இல்லை. வேகக்காரன் ஒருவன் அந்த வெற்றிடத்துக்குள் புகுந்து போட்டான், வழி அடைபட்டால் வெளியே நிற்பவனிடம் கொடுத்தான், அவன் தூரத்திலிருந்தே எறிந்தான்.

“அண்ணை, நீங்கள் உள்ளுக்கு நிண்டா உங்களைப் பிடிக்கிறவனும் உள்ளுக்குத்தான் நிப்பான். பிறகு மற்றவை எங்கால போறது?” என்றார்.

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. வெளியேதானே நிற்க வேண்டும், நிற்கிறேன் என்று மூலையில் போய் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றேன். இரண்டு ஆட்டங்களில் எதிரணிகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் வெளியே வந்தும் என்னைப் பிடிக்க வேண்டியவன் வரவில்லை. தூரத்திலிருந்து போடத் தெரியாதவனுக்குக் காவல் எதற்கு? அவன் வளையத்துக்குக் கீழேயே நின்று மற்றவர்களை மறித்தான்.

“அப்ப தூர எறிஞ்சு பழகுங்கோ” என்றார் பயிற்றுவிப்பாளர்.

ஒரு மாதம், காலை ஆறு மணிக்கு, வேலைக்கு முன்னால் எறிந்தேன். பத்துக்கு இரண்டு விழும். கடைசியில் அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பாத்துத்தான் அடுத்த வருசத்துக்குப் பெயர் குடுக்கப்போறன்.” வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாக அவள் சொன்னாள்.

முதல் பாதியில் மூன்று தடவை எறிந்தேன். மூன்றும் விழவில்லை, அதில் ஒன்று வளையத்தில் படக்கூட இல்லை. எதிரணியின் பெரிய ஆள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான். மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது கால்பகுதியில் கோட்டுக்கு வெளியே என் கையில் பந்து. பக்கத்தில் ஒருவனும் இல்லை. எறி, எறி என்று சிங்களத்திலும் தமிழிலும் சத்தம். எறிய எனக்கு மனம் வரவில்லை. அப்போது எங்கள் தூர எறிகாரன், கணக்குப் பகுதியில் வேலை செய்யும் அக்குறணைப் பையன், மூலையிலிருந்து என்னை நோக்கி ஓடி வந்தான். அவனை ஒட்டி எதிரணிக்காரன் ஒருவன் துரத்தி வந்தான். பந்தை எங்கள் பையன் கையில் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். துரத்தி வந்தவன் என் முதுகில் மோதி நின்றான். புசல்லாவை பஸ்ஸில் மனைவி ஏறி உட்காரும்வரை கூட்டத்தை முதுகால் தாங்கி நிற்பது எனக்குப் பழகிய வேலை. இதுவும் அதுதான். பாய்ந்து வந்து தடுக்க வேண்டிய அவர்களுடைய பெரிய ஆளோ தூரத்தில், வளையத்துக்குக் கீழே. எங்கள் பையன் ஆற அமர எறிந்தான், விழுந்தது.

“நானா, அப்பிடியே நில்லுங்க, நான் திரும்பியும் வாரன்” என்றான். அண்ணன்மாரை அவர்கள் வீடுகளில் நானா என்பார்கள்.

இன்னும் ஐந்து தடவை வந்தான், நான்கு விழுந்தன. வேறு வழியில்லாமல் அவர்களுடைய பெரிய ஆள் வளையத்தடியை விட்டுக் கோடுவரை வந்தான். உள்ளே இடம் காலியானது, எங்கள் குள்ளர்கள் புகுந்து விளையாடினார்கள். ஆறு புள்ளியால் வென்றோம். புள்ளித்தாளில் என் இலக்கத்துக்கு நேரே ஒன்றுமில்லை.

“அடுத்த வருசமும் நீங்கள் இருக்கிறியள் அண்ணை” என்று பயிற்றுவிப்பாளர் தோளில் தட்டினார். “ஆனா இனி நீங்கள் போடத் தேவையில்லை. உள்ளுக்கும் வேண்டாம், வெளியிலும் வேண்டாம். குடுங்கோ, நில்லுங்கோ, அதுவே காணும்.”

சரி என்றேன். முகம் கழுவும்போதுதான் அது உறைத்தது. சம்பளம் தப்பியது பெரிய நிம்மதி, அதில் பொய்யில்லை. ஆனால் இனிமேல் வளையத்தைப் பார்த்து ஒரு பந்து போட யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. எனக்கு அழுகை வந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மனைவி வாசலில் நின்றாள்.

“இடம் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

அவள் முகம் அப்படி மலர்ந்தது. மற்றதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.