இடுப்பில் இருந்த சாவிக்கொத்து

1926-ஆம் வருஷம், மாசி மாதம். ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கு அருகே உள்ள ஒரு குளக்கரையில் நடந்தது இது.

வேறெங்கும் இடம் கிடைக்காத கூலிக்காரர் பிள்ளைகளுக்காக எங்கள் தமிழ் ஜனங்களே ஓர் எஞ்சினீரிங் பள்ளி தொடங்கியிருந்தார்கள். யோசனை எங்கள் ஆசிரியருடையது. அவர் அமெரிக்காவில் கறுப்பு மக்களுக்கென்றே ஏற்பட்ட ஒரு கல்லூரியில் எஞ்சினீரிங் படித்துத் திரும்பியவர்.

பள்ளியில் பெண் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆளும் நானே. அந்தப் பெருமையில் அப்பா வீட்டுச் சாவிக்கொத்தையே என்னிடம் கொடுத்துவிட்டார். நானும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலு பேருக்குச் சத்தம் கேட்கும்படிதான் நடப்பேன்.

அன்று பரீட்சை. திசைகாட்டி வைத்துக் குளத்தைச் சுற்றி அளந்து படம் போட வேண்டும். புறப்பட்ட புள்ளியிலேயே கோடு வந்து சேர வேண்டும். மத்தியானத்துக்குள் சேராவிட்டால் இனி வெளிவேலை கிடையாது; உள்ளே உட்கார்ந்து மற்றவர்கள் போட்ட படத்துக்கு மை தீட்ட வேண்டியதுதான்.

படத்தில் என் கோடு குளத்துக்கு நடுவில் போய் முடிந்தது. மறுபடி அளந்தேன். மறுபடியும் தண்ணீர்தான்.

"அக்கா, தோணி கொண்டாரட்டுமா?" என்றான் கூடப் படிக்கும் ஒருவன்.

கருவிதான் கோளாறு என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதே கருவியில் பார்த்தார்; சரியாகவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். "ஏண்டி, அரிசிப் பெட்டிச் சாவிய நீ சொருகிக்கிட்டு வந்துட்டா நான் எதை உலையில போடுறது? மில்லுலேருந்து உங்கப்பா பசியோட வருவாரே!"

எரிச்சலோடு கொத்தை உருவித் திசைகாட்டிக்கு மேலாக நீட்டினேன். முள் துள்ளித் திரும்பியது. அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"அட, இந்த முள்ளுக்கும் பசியா? சாவி போற பக்கமெல்லாம் போவுதே!"

அத்தனையும் இரும்புச் சாவிகள்! காலையிலிருந்து வடக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது என் பெருமைதான். ஆசிரியர் கரையிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மா சாவியோடு வீட்டுக்கு ஓடினாள்; நான் குளத்தைச் சுற்றி ஓடினேன். மத்தியான மில் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால், கோடு புறப்பட்ட புள்ளியில் வந்து ஒட்டிக்கொண்டது.

அன்று முதல் சாவிக்கொத்து அம்மாவின் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் இன்றும் ஓர் அளவு தப்பினால், கருவியைத் திட்டுவதற்கு முன்னால் என் கை தானாகவே என் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.