வெள்ளாயணி பஸ்ஸின் மணிக்கயிறு

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பஸ்ஸை நிறுத்துகிற விசில் கண்டக்டரின் வாயில்தான் இருக்கும். திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், இங்கே பஸ்ஸின் நீளத்துக்கு ஒரு மணிக்கயிறு ஓடுகிறது. ஒரு தடவை இழுத்தால் வண்டி நிற்கும், இரண்டு தடவை இழுத்தால் கிளம்பும். சில நேரம் பயணிகளே இழுக்கிறார்கள்! எனக்கும் கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வெள்ளாயணிக் காயலைப் பார்க்கக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். ஒரு வளைவு திரும்பியதும் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர்! தாமரை இலைகள், நடுவே ஒரு தோணி. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டி நின்றது. யாரோ ஒரு அம்மாவின் வாழைக்குலையை இறக்கிக் கொடுக்கக் கண்டக்டர் பெண் கீழே இறங்கினார். அதை நான் எங்கே கவனித்தேன்? வண்டி கிளம்பிவிடப் போகிறதே, நானும் இறங்க வேண்டுமே என்று எழுந்து கயிற்றை இழுத்தேன். ஆசை அடங்காமல் இன்னொரு தடவையும் இழுத்தேன்.

வண்டி பறந்தது. பின்னால் கண்டக்டர் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். எல்லோரும் கத்தியபிறகுதான் டிரைவர் நிறுத்தினார்.

மூச்சிரைக்க ஏறியவர் கேட்டார்: "ஆரா பெல்லடிச்சது?"

மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது.

"காயலப் பாத்ததும் கை நிக்கல மேடம்," என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பும்போதும் அதே பஸ்தான். நான் ஏறியதும், இனி மணியடிப்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர் எட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பெல் ஞான் அடிச்சோளாம், கேட்டோ!"