கேட்குமுன் பதில் சொல்லும் லோகேஸ்வரி

“பசியாறிட்டேன், அம்மா சொகம், மாப்ள இன்னும் பாக்கல, கோப்பி ஓ, பாலு வேணாம், சீனி கம்மி!”

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே தேவன் சாப்பாட்டுக் கடைக்குள் லோகேஸ்வரி நுழையும் விதம் இது. யாரும் அவளை எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வாயைத் திறந்தவர்கள் அப்படியே ரொட்டியை உள்ளே தள்ளிக்கொள்வார்கள்.

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. செம்பனை ஆலை ஆபீஸ் தூக்கிப் போட்ட முந்நூறு கம்ப்யூட்டர்களை இவள் ஒற்றை ஆளாக... சரி, முறைக்காதீர்கள். பன்னிரண்டு. என் வாய்க்குள் போனால் எண்ணிக்கை கொஞ்சம் ஊதிவிடும். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

லோகேஸுக்கு முப்பத்து மூன்று வயது. பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். உள்ளே நின்று தும்மினால் தலை எதிர்ச் சுவரில் இடிக்கும். அவ்வளவு பெரிய கடை. கழுத்தில் சிவப்புக் கயிறு. அதில் தொங்குவது பென்டிரைவ். குளிக்கும்போதும் கழற்றமாட்டாள் என்று எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான்.

கம்ப்யூட்டருக்குப் புது ஓஎஸ் ஏற்றும்போது அது பொண்ணு பார்க்க வந்த சம்பந்தி மாதிரி கேள்வி கேட்குமாம். என்ன மொழி, எந்த ஊர் நேரம், பழசை அழிக்கட்டுமா, எனக்கு என்ன பேர்? மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். லோகேஸ் எல்லாப் பதிலையும் முன்கூட்டியே எழுதி, ஓஎஸ்ஸோடு சேர்த்து ஒரே இமேஜாகக் கட்டிவிடுவாள். பென்டிரைவைச் செருகி, சுவிட்சைத் தட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போகலாம். ஆளைப் போலவே வேலை.

அந்தப் பன்னிரண்டையும் தோட்டத்து மண்டபத்தில் வைத்து, நம் ஆட்களுக்கு கிளாஸ் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இங்கே ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பவும் பகாவுக்கு பஸ் ஏற வேண்டும். ஆலை மேனேஜர் ஒரே பேச்சாகச் சொன்னார்: வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பன்னிரண்டும் ஒரே நெட்வொர்க் லைனில் ஒழுங்காக ஓடினால் மண்டபத்துச் சாவி அவளுக்கு, இல்லாவிட்டால் எல்லாம் பழைய இரும்பு லாரிக்கு.

கம்ப்யூட்டர்கள் மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கே, முந்தியவை. ஒன்றைத் திறந்தால் பல்லி முட்டை. தோட்டத்தில் இருந்த உறுமி மேளப் பாட்டுப் பென்டிரைவையெல்லாம் இரவல் வாங்கி, பாட்டை அழித்து, தன் இமேஜை ஏற்றினாள் லோகேஸ். வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டிலும் செருகினாள். பன்னிரண்டும் எழுந்தன. லைனில் மாட்டியதும், இதே பேரில் இன்னொருத்தர் இருக்கிறார் என்று எல்லாம் ஒன்றையொன்று பார்த்து மல்லுக்கு நின்றன. பன்னிரண்டுக்கும் பேர் ராக்கம்மா.

“டெஸ்ட் மெஷினுக்கு அம்மா பேர வெச்சேன்லா. இமேஜ் கட்டும்போது மாத்த மறந்துட்டேன்,” என்று தலையில் கைவைத்தாள்.

எட்டிப் பார்த்த வள்ளியம்மா அக்கா, ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர், விடவில்லை. “ஒரு ராக்கம்மாவையே ஒங்கப்பனால சமாளிக்க முடியல பாப்பா. பன்னெண்டா?”

லோகேஸ் சிரித்தாள். அப்புறம் டார்ச்சோடு மேசைக்கடியில் புகுந்து, ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒட்டியிருந்த சீரியல் நம்பரை நோட்டில் எழுதினாள். நம்பருக்கு நேராகத் தோட்டத்து ஆட்களின் பேர். புது இமேஜில் அந்தப் பட்டியலையும் கட்டினாள். ஒவ்வொன்றும் தன் நம்பரைத் தேடி, தன் பேரைத் தானே எடுத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு நம் தோட்டத்து லாரிக்காரன் குணாளன் பழைய இரும்பு லாரியோடு வந்துவிட்டான். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒருவர் விரலும் படாமல், பன்னிரண்டு திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன. ஒரு சண்டையும் இல்லை. மேனேஜர் சாவியை நீட்டினார். லாரி காலியாகத் திரும்பியது.

நாளைக்கு முதல் கிளாஸ். இதையெல்லாம் இன்றைக்கு தேவன் கடையில் நான் அளந்துகொண்டிருந்தேன். எந்தப் பெட்டிக்கு யார் பேர் என்று வாய்விட்டதுதான் தப்பு.

“எம்பேரு எந்தப் பெட்டிக்கு வெச்சிருக்கு?” என்றார் வள்ளியம்மா அக்கா.

“நாலாவதுக்குக்கா. அது எழுந்திரிக்கவே ஏழு நிமிஷம். பொருத்தமாத்தான் வெச்சிருக்கு,” என்றான் குணாளன்.

“யாருடா லேட்டு? முப்பது வருசம் விடியறதுக்கு முந்தியே பேரு கூப்புடற பெரட்டுல நின்னவ நானு! அள்ளிட்டுப் போக வந்த ஒம்பேரு மொதப் பெட்டிக்கா?”

“நா அன்னிக்கு பெட்டிய ஏத்தாம, லாரியோட மண்டபத்த நாலு சுத்து சுத்தி நேரத்த ஓட்டலன்னா கிளாஸே இல்ல, தெரியுமாலா?”

தேவன் கரண்டியோடு வெளியே வந்தான். “எம்பேரே காணோமே! அவளுக்கு கோப்பி ஊத்துனது யாரு?”

“அது கோப்பியாடா?” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். மேசை ஆடியது. என் கோப்பி கிளாஸ் கவிழ்ந்தது.

“பசியாறிட்டேன், அம்மா சொகம்...” ஹெல்மெட்டோடு லோகேஸ் வாசலில் நின்றுவிட்டாள்.

“நீயே சொல்லு பாப்பா, யாரு பேரு மொதல்ல?”

அவள் வாய் திறந்தது, பதில் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். கழுத்துப் பென்டிரைவைச் செருகி, பட்டியலில் பன்னிரண்டு பேரையும் அழித்தாள். பேர் எழுத வேண்டிய இடத்தில் வெற்றுக் கோடு மினுக்கிக்கொண்டிருந்த திரையை, கொட்டிய கோப்பியைத் தள்ளிவிட்டு, அவர்கள் நடுவே நகர்த்தி வைத்தாள்.

வள்ளியம்மா அக்கா ஒற்றை விரலை நீட்டி, தன் பேரின் முதல் எழுத்து கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். குணாளன் அந்த விரலைத் தட்டிவிட்டான்.