துணைக்கு வந்த அம்மா

அந்த மனிதர் ஸ்கேன் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. பீன்யா தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை, ஓய்வு பெறும் வயது. தலைசுற்றல் என்று வந்தவர், கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார். அல்சூரில் நான் அப்போது செவிலியாக இருந்த சிறிய மருத்துவமனையில் இருந்ததோ ஒரே இயந்திரம். வெளியே கூட்டம் நெரிந்தது. யாருக்கு ஸ்கேன், யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்கிற டாக்டரோ லேசில் மசியாதவர். படுக்கையில் புரண்டால் வருகிற சுற்றலுக்கெல்லாம் கழுத்தைப் பார்க்க மாட்டார். ஒரு கண் திடீரென இருண்டு தெளிந்ததா, ஒரு பக்கக் கை மரத்ததா, வாய் குழறியதா என்றுதான் கேட்பார். "வந்துட்டுப் போனதுதான் ஆபத்து" என்பார். நம் ஜனங்களோ சரியாகிப்போனதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள். அந்தக் குணத்தோடு மல்லுக்கட்டுவதே எங்கள் பிழைப்பு.

"ஒண்ணுமில்லன்னா ஏன் சார் சுத்துது?" என்று அவர் கத்தினார். கூட வந்த மனைவி சமாதானம் செய்யப் பார்த்தார். "கோவப்படாதீங்க. எனக்குக்கூடத்தான் நேத்து சோத்துக் கை வெலவெலத்துப் போச்சு, டம்ளரக் கீழ போட்டேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடலையா?"

டாக்டர் நிமிர்ந்தார். "சிஸ்டர், அவங்களப் படுக்க வைங்க."

"டோக்கன் என்னுது!" என்றார் கணவர். "மொதல்ல அவருக்குப் பாருங்க சார்" என்று அந்த அம்மாவும் அசையாமல் சுவரோரம் நின்றுவிட்டார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சை மாற்றுவோம் என்று, "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வயதுப் பெண்கள் பலர் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. நான் சிரித்தேன். கணவரும் கோபம் மறந்து சிரித்துவிட்டார். "அவ செத்தாலும் சொல்ல மாட்டா, மேடம்."

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, உங்க பேரச் சொல்லுங்க."

அந்த அம்மா வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் வரவில்லை.

கணவர்தான் அள்ளியெடுத்துப் படுக்கையில் கிடத்தினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் டாக்டர் ஸ்கேன் பார்த்தார். கழுத்தின் இடப்பக்க ரத்தக்குழாய் கிட்டத்தட்ட அடைத்திருந்தது. உயிர் பிழைத்துவிட்டார், பேச்சு பாதிதான் திரும்பியது என்று பின்னால் தெரிந்தது. இப்போது நான் வேறு மருத்துவமனையில் இருக்கிறேன், இயந்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் துணைக்கு வருபவரையும் விடாமல் தோண்டித் துருவிக் கேட்கிறேன். வம்புக்காரி என்கிறார்கள், இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதர் மனைவியின் காதருகே குனிந்து கெஞ்சியது எனக்கு இன்னும் கேட்கிறது.

"சொல்லும்மா. என் பேரச் சொன்னா யாரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க. ஒரே ஒரு தடவ சொல்லு."