பன்னீர் திராட்சையும் குவைத் வீடியோ காலும்

இன்று சித்தூர் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை வாங்கும்போது, குவைத்தில் வேலை செய்யும் என் கணவர் வீடியோ காலில் வந்தார்.

"இங்க கொட்டையில்லாத பச்சை திராட்சைதான் கெடைக்குது. துன்னா வாசனையே இல்ல. நீ ஒண்ணு வாயில போடு, நான் பாக்கறேன்."

போட்டேன். தோல் வெடித்ததும் புளிப்பும் இனிப்பும் அந்த வாசனையுமாக வாய் நிறைந்தது. அவர் எச்சில் விழுங்கியதைப் பார்த்துவிட்டேன். கையில் எடுத்த அடுத்த பழத்தைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு கிலோ எடுத்துக்கினு போம்மா. சர்க்கரை போட்டுக் காய்ச்சி வடிகட்டி வை. அவரு வந்து குடிக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சிவிட்டேன். இரண்டு பாட்டில்.

அவருக்கு லீவு கிடைக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. திராட்சை ரசம் ஃப்ரிட்ஜில் அவ்வளவு நாள் தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தாங்காது என்பவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.