நூத்துப்போடுங்கோ

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் குளிரே கிடையாது என்று எங்களுக்குச் சொன்ன மனிதர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. அகப்பட்டால் நாலு கேள்வி கேட்பேன். பனி விழாத ஊர், ஒரு கம்பளிச்சட்டை போதும் என்றார். பனி விழாதது உண்மைதான். ஆனால் தொண்ணூறுகளில் நாங்கள் மங்கரே என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தது பலகை வீடு. வெளியே வெயிலில் நின்றால் உடம்புக்கு இதமாக இருக்கும். உள்ளே வந்தால் விறைக்கும். காலையில் யன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். துவாயால் துடைத்துப் பிழிவதுதான் என் முதல் வேலை. அலுமாரிக்குள் இருந்த கூறைச்சேலையில் பூஞ்சணம் பிடித்தது.

ஹீற்றரை எப்போது போடுவது என்பதற்கு அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், அங்கே குளிர்காலம் தொடங்குகிற ஜூன் பிறக்காமல் போடவே மாட்டார். அதுவரை அரைக்காற்சட்டையோடு திரிவார். நான் நடுங்குவதைக் கண்டால் இன்னொரு சட்டையைப் போடு என்று புத்தி சொல்வார். தேவாலயத்தில் பழக்கமான மன்னார்க் குடும்பம் ஒன்று விருந்தினர் வந்தால் மட்டும் போடும். அவர்கள் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் எங்களை எழும்பவே விடமாட்டார்கள், பாவங்கள். வாயால் ஊதினால் புகை தெரியவேண்டும், அதுதான் குளிர் என்று சாதித்த ஒரு கணவரையும் எனக்குத் தெரியும். அவருடைய மனைவி கூடத்தின் நடுவில் நின்று ஊதிக் காட்டுவார்.

எங்கள் வீட்டுச் சட்டம் என் மகளின் நெஞ்சு. அவளுக்கு நாலு வயது. குளிர் ஏறினால் இழுப்பு வந்துவிடும். மூச்சு விடும்போது விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அவள் படுக்கிற அறை குளிரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சத்தம் கேட்டால் போடுவது, கேட்காமலிருக்கவே பகலில் தூங்கும்போது போடுவது.

ஆனால் வீடு எங்களுக்கு மட்டுமானதல்ல. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியோடு பாதிக்குப் பாதி பகிர்ந்திருந்தோம். அவர் கம்ப்யூட்டர் வேலை. மனைவி வேலை கிடைக்கும்வரை வீட்டில் இருந்தார். என் கணவர் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுமிடத்தில் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட். வீட்டின் வயரிங் பழசு, இரண்டு ஹீற்றரை ஒன்றாகப் போட்டால் பியூஸ் போய்விடும். ஆகவே இரண்டு குடும்பத்துக்கும் சில்லு வைத்து உருட்டுகிற எண்ணெய் ஹீற்றர் ஒன்றுதான். யாருடைய அறைக்கு அது என்ற கேள்வி வரத்தான் செய்தது. குசினி மேசையில் நாலு பேரும் இருந்து கதைத்தோம். நான் தயங்கித் தயங்கி டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றார் அந்தப் பெண். "ஹீட்டர் பாப்பா ரூம்லயே இருக்கட்டும். நாங்க கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்துக்கறோம். குழந்தைக்கு அப்புறந்தானே நமக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்து, பேச்சு வேறு, சாம்பாரின் இனிப்பு வேறு, ஆனாலும் இப்படி ஒருத்தி. அன்றிலிருந்து அவரை அக்கா என்றேன், வாய் நிறைய. காலையில் நான் வேலைக்குப் போனால் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாக அவரே முன்வந்து சொன்னார். பதிலுக்கு இரவுச் சமையல் முழுவதும் என்னுடையது. என் மகள் அவரை மாமி என்று கூப்பிட, "ஐயோ, எங்க ஊர்ல மாமின்னா அது வேற ஆளுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்தப் பெயர் அவருக்கே பழகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒருநாள். வேலைக்கு நேரம் போய்விட்டது. சப்பாத்தை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து கத்தினேன்:

"அக்கா, பிள்ளை எழும்பினோடனை ஹீற்றரை நூத்துப்போடுங்கோ!"

"சரிங்க, சரிங்க" என்றார்.

மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு வெதுப்பகம்போலக் கொதிக்கிறது. மகள் உள்சட்டையோடு, கன்னம் சிவந்து, வேர்த்துப்போய் நிற்கிறாள். ஹீற்றரின் குமிழ் முடிகிற மட்டும் திருப்பிக் கிடக்கிறது.

"என்னக்கா இது? நூத்துப்போடுங்கோ எண்டல்லோ சொன்னனான்!"

"ஆமா, நூத்துல போடுங்கன்னு சொன்னீங்க. இதுல நூறெல்லாம் இல்லைங்க. கடைசி வரைக்கும் திருப்பி வச்சுட்டேன்."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் பக்கம் விளக்கை அணைப்பதை நூர்ப்பது என்போம். அணைத்துவிடுங்கள் என்பதுதான் நூத்துப்போடுங்கோ. அவருக்கு அதில் நூறும் கேட்டது, போடுவதும் கேட்டது. நான் விளக்கிச் சொல்ல, அவர் தலையில் கை வைத்தார். இருவரும் குசினித் தரையில் இருந்து வயிறு நோகச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அது அவருடைய கதையாகிவிட்டது. பிறந்தநாள் விழாவென்றாலும் பொங்கல் என்றாலும் நாலு தமிழர் கூடிய இடத்தில் சொல்லுவார். "எங்க வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஹீட்டர நூத்துல போடச் சொல்லுவாங்க, நாம அணைக்கணும்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். நாங்கள் எவ்வளவு அன்னியோன்னியம் என்பதற்கு அதுதான் சாட்சி என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் என் பல் எனக்கே நறநறக்கிறது.

ஜூலையில் மகளின் இழுப்பு கூடியது. இரவில் அவ்வளவு இல்லை. நான் வேலையால் வரும் மத்தியானங்களில்தான் மோசம். விலா எலும்புகள் தெரியத் தெரிய மூச்செடுப்பாள். நான் வீட்டைக் குற்றம் சொன்னேன், பூஞ்சணத்தைக் குற்றம் சொன்னேன், கணவரின் பரம்பரையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஹீற்றர் போட்ட அறையில் தூங்கி எழும்புகிற பிள்ளைக்கு ஏன் இப்படி என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனேன். அவர் மருந்தைக் கூட்டினார். அந்த மருந்தைக் குடித்தால் பிள்ளையின் கை நடுங்கும்.

"வீடு மாறுவம்" என்றார் கணவர். "இந்த வீடு சரியில்லை."

"உமக்கென்ன விசரே? அக்கா இல்லாத வீட்டிலை பிள்ளையை ஆர் பார்க்கிறது? என்ரை கூடப்பிறந்தவள்கூட இப்பிடிப் பார்க்கமாட்டாள்" என்றேன். வழக்கமாக நீர், உமக்கு என்பது அவர் என்னிடம் சொல்வது. கோபம் வந்தால் நானும் சொல்வேன்.

ஒரு விஷயம் மட்டும் இடறியது. வந்ததும் மகளின் அறைக்குள் போவேன். ஹீற்றர் கட்டிலருகேதான் நிற்கும். தொட்டால் கை சுடும். ஆனால் தலையணை சில்லென்று இருக்கும். யன்னலில் காலையில் நான் துடைத்தபிறகும் புதிதாகத் தண்ணீர் வடிந்திருக்கும். சுடுகிற ஹீற்றர், குளிர்கிற அறை. பலகை வீடு, சூடு நிற்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம்பிவிட்டால் மனிதருக்குக் கண் இருந்தும் பயன் இல்லை.

ஒரு சனிக்கிழமை, எனக்கு வேலை இல்லாத நாள். கூடத்தில் வெயில் விழுந்த இடத்தில் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதே அவள் என்னோடு பாதி ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். ஆனால் தனியே விளையாடும்போது தமிழ் வரும். சப்பாத்துப் பெட்டி ஒன்றை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகர்த்துவதுபோலத் தரையில் தள்ளினாள். பாவையை ஒரு பக்கம் படுக்க வைத்திருந்தாள். பெட்டியைத் தள்ளத் தள்ள, குரலைத் தாழ்த்தி அவசரமாகச் சொன்னாள்:

"நூத்துப்போடு, நூத்துப்போடு, உருட்டு. அம்மா வர்ற நேரமாச்சு."

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் வர்ற நேரமாச்சு என்று சொல்லமாட்டோம். வாற நேரம் என்போம். நூத்துப்போடு என்னுடைய சொல். மிச்சம் அவருடையது. என் சொல்லும் அவருடைய பேச்சும் ஒரே வசனத்தில் கலந்து என் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. ஒரு தடவை கேட்டு வந்ததல்ல அது. நாள்தோறும் கேட்டால்தான் பிள்ளைக்கு அப்படிப் பாடமாகும்.

குசினிக்குப் போனேன். தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பகலிலை ஹீற்றர் உங்கடை அறையிலையோ நிக்கிறது?"

"இல்லைங்களே. பாப்பா ரூம்லதான்."

"ஹீற்றர் சுடுது. அறை குளிருது. நான் ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்க்கிறனான்."

உடனே சிரித்தார். விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லும்போது வரும் அதே சிரிப்பு. "அட, நீங்க நூத்துப்போடுங்கன்னுட்டுப் போறீங்க. உங்க தமிழ் எனக்கு எங்கங்க புரியுது? போடச் சொல்றீங்களா, அணைக்கச் சொல்றீங்களான்னு எனக்கு எப்பவுமே குழப்பந்தான்."

சரி, பொய் சொல்வதென்றால் ஆயிரம் பொய் இருக்கிறது. பியூஸ் போனது என்றிருக்கலாம். சில்லு இறுகிவிட்டது என்றிருக்கலாம். நாங்கள் இருவரும் தரையில் இருந்து சிரித்த சிரிப்பை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நூத்துப்போட்டு உருட்டு, அம்மா வர்ற நேரமாச்சு எண்டு பிள்ளை சொல்லி விளையாடுறாள்" என்றேன். "உங்களுக்கு அந்தச் சொல் நல்லா விளங்குது, அக்கா."

சிரிப்பு நின்றது. மாவைத் திரும்பக் கரைக்கத் தொடங்கினார்.

"எனக்கும் குளிருதுங்க" என்றார் பிறகு. "நீங்கெல்லாம் போயிடறீங்க. நாள் பூரா இந்த வீட்ல நான்தானே கெடக்கறேன். நான் என்ன மரக்கட்டையா?"

நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்த வீட்டில் பகலில் தனியாக இருப்பது எவ்வளவு குளிர் என்று எனக்கும் தெரியும்.

"குளிருந்தானே அக்கா. என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. பிள்ளையையும் உங்கடை அறைக்குள்ளை வைச்சிருந்தா ரெண்டுபேருக்கும் சூடு காணுமே."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மொதல்ல அப்படித்தாங்க வச்சிருந்தேன். இருமிக்கிட்டே இருக்கா. கண்ண மூட முடியல."

குளிருக்கு ஒதுங்கியதை மன்னித்திருப்பேன். என் பிள்ளையின் இருமல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவளைக் குளிருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவளை என்ன செய்வது? குழந்தைக்கு அப்புறந்தானே நமக்கு என்று சொன்ன அதே வாய். அன்றைக்கு அவர் சுட்ட தோசையை யாரும் சாப்பிடவில்லை. அதன்பிறகு நான் அவரை அக்கா என்று கூப்பிடவும் இல்லை.

அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டோம். சின்ன பிளாட், ஆனால் வெயில் விழும் பக்கம். கணவர் மாலை ஷிப்டுக்கு மாறினார். காலையில் அவர் பிள்ளையோடு இருப்பார், மத்தியானத்தில் நான். எங்களுக்கென்று ஒரு ஹீற்றர் வாங்கினோம். அது மகளின் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். முதல் தடவை போட்டபோது தூசி எரியும் மணம் வந்தது. அந்த மணம்கூட எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி என் பிள்ளைக்குக் குளிராது என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் வேலையால் வந்து கதவில் சாவியைப் போட்டேன். உள்ளே மகள் ஓடும் சத்தம் கேட்டது. என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வருகிறாள் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்தும் வரவில்லை. கணவர் குசினியில் ஏதோ வறுத்துக்கொண்டிருந்தார். நான் அறைப்பக்கம் போனேன்.

அவள் ஹீற்றரின் குமிழைத் திருப்பிப் பூச்சியத்தில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அதை அறைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கார்ப்பெட் விளிம்பில் ஒரு சில்லு மாட்டிக்கொண்டது. முகம் சிவக்கச் சிவக்கத் தள்ளினாள். என்னைக் கண்டதும் பயந்துபோய் நின்றாள்.

"ஏன் ராசாத்தி நூர்க்கிறாய்? குளிரல்லோ?"

"அம்மா வந்தா நூர்க்கணும்தானே" என்றாள். "பகல்ல ஹீட்டர் போட்டா அம்மா திட்டுவாங்க. மாமி சொன்னா."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அந்தக் குளிர்காலம் பூராவும், இழுத்து இழுத்து மூச்செடுத்துக்கொண்டு அந்தச் சில்லிட்ட கட்டிலில் இருந்தபோதெல்லாம், அது என் சட்டம் என்றே என் பிள்ளை நினைத்திருக்கிறாள். அவள் சூடாக இருப்பது அம்மாவுக்குப் பிடிக்காது என்று நம்பியிருக்கிறாள். நம்பியும், என்னிடம் ஒரு சொல் கேட்காமல், மத்தியானம் நான் வந்ததும் வந்து மடியில் ஏறியிருக்கிறாள்.

நான் மாட்டிக்கொண்ட சில்லை விடுவித்து, ஹீற்றரைக் கட்டிலருகே திரும்ப உருட்டி, குமிழை முடிகிற மட்டும் திருப்பினேன். அவளைப் பக்கத்தில் இருத்தி, அவளுடைய கைகளை அதன்மேல் பிடித்தேன். மெல்ல மெல்லச் சூடு ஏறியது. அவள் ஹீற்றரைப் பார்க்கவே இல்லை. நான் எப்போது திட்டத் தொடங்குவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.